போர்ட் எலேனாவின் படகுத்துறையில் ஒருத்தி

ஷிப்ட் முடிந்து திரும்பும் பேருந்தில் ரேமண்ட் தன் கைப்பேசியை ஜீவனின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"மச்சான், இதப் பாரு. சந்தோஷப்படுவ."

ஜீவன் சந்தோஷப்பட்டு ஒரு வருடம் ஆகப் போகிறது. பாசிர் கூடாங் ரசாயன ஆலையின் கட்டுப்பாட்டறையில் விடிய விடியத் திரைகளைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இன்னொரு திரை வேண்டியிருக்கவில்லை. ரேமண்ட் விடுகிற ஆள் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரன், நல்லவன், எப்போது எதைக் காட்டுவது என்று தெரியாதவன்.

திரையில் ஒரு துறைமுகம். சாம்பல் நிறக் கடல். பழைய விளையாட்டு என்று பார்த்தவுடனே தெரிந்தது. மனிதர்களின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. முகங்கள் மரத்தில் செதுக்கியவை போலிருந்தன. போர்ட் எலேனா. எங்கே கண்டாலும் ஜீவனுக்கு அந்த ஊர் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அது அவன் வீட்டு வரவேற்பறையில்தான் இருந்தது.

படகு வந்து கரையைத் தொட்டது. விளையாடுகிறவன் கையில் ஒரு பெட்டியோடு இறங்கினான். படகுத்துறையின் முனையில், கயிறு கட்டும் கட்டைக்குப் பக்கத்தில், ஒருத்தி நின்றாள். ஆரஞ்சுப் புடவை, தலையில் மல்லிகை. அந்தப் புடவையை ஜீவன் தினமும் பார்க்கிறான். வீட்டுச் சுவரில் மாலைக்குள் இருக்கும் படத்தில் அவன் மனைவி பிரவீனா கட்டியிருப்பது அதுதான்.

விளையாடுகிறவன் கிட்டே போனான். அவள் திரும்பினாள்.

"சாப்டீங்களா? எனக்கு லேட்டாவும். கதவப் பூட்டிக்கிட்டுப் படுங்க. சாவி ஏங்கிட்ட இருக்கு."

குரலும் அவளுடையதுதான். நடந்துகொண்டே பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்குமே, அதுகூட அப்படியே இருந்தது.

"யாரு பண்ணது?" என்றான் ஜீவன்.

"மெர்சிங் தோமஸ் குரூப்தான். தமிழ் வெர்ஷன் வந்திருச்சி லா. பிரவீனா ஆரம்பிச்ச வேலதானே, முடிச்சிட்டாங்க. அவங்களையும் உள்ள வச்சிட்டாங்க. ஊர்ல எல்லாரும் செத்தாலும் இவங்க மட்டும் சாவ மாட்டாங்களாம். கீழ கமெண்ட் பாரேன். தமிழே தெரியாதவன்லாம் 'சாப்டீங்களா'ன்னு எழுதுறான்."

ஜீவன் பார்த்தான். இதயங்கள். அழும் முகங்கள். இந்த அக்காவுக்காகவே தினமும் படகில் வந்து இறங்குகிறேன் என்று ஒருவன். மனசு சரியில்லாதபோதெல்லாம் இவரிடம் போய் நிற்கிறேன் என்று ஒருத்தி.

"இன்னொரு தடவ போடவா?"

"போட்டீன்னா போன் ஜன்னலுக்கு வெளிய கெடக்கும்."

ரேமண்ட் சிரித்தான். பிறகு ஜீவனின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

போர்ட் எலேனா விலைபோகாத விளையாட்டு. வந்து கால் நூற்றாண்டு இருக்கும். அதைச் செய்தவர்களுக்குப் பேராசை. ஒரு முழு ஊரையே உள்ளே வைக்கப் பார்த்தார்கள். ஊரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கட்டில், தனித்தனி வேலை, தனித்தனிச் சண்டை. விளையாடுகிறவன் அங்கே வீரனும் இல்லை, இளவரசனும் இல்லை. பெட்டியோடு படகில் வந்து இறங்கியவன், அவ்வளவுதான். அவனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். ரொட்டிக் கடைக்குத் தாமதமாகப் போனால் கடை சாத்தியிருக்கும். மழைக்காலத்தில் ஈரக்காய்ச்சல் வரும், சிலரைக் கொண்டுபோகும். யாரை என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. செத்தவர் வீட்டில் அன்றிரவு முதல் விளக்கு எரியாது. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ரொட்டிக்காரன் செத்தால் அதற்கப்புறம் அந்த ஊருக்கு ரொட்டி கிடையாது. கடைசிவரை கிடையாது.

பாதி ஊர் எழும்புவதற்குள் பணம் தீர்ந்து நிறுவனத்தை இழுத்து மூடிவிட்டார்கள். கலங்கரை விளக்கத்துக் கதவு வரைந்தபடியே நின்றுவிட்டது, திறக்காது. பின்னால் ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியும் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இன்னமும் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. முடிந்துபோன விளையாட்டுகளை மறந்துவிட்டார்கள். முடியாத இதை விட மனம் வரவில்லை.

பிரவீனா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. துறைமுகத்தில் கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் போர்ட் எலேனாவைத் தமிழாக்கும் வேலை. மீன்காரிக்கு ஒரு தமிழ், பாதிரியாருக்கு ஒரு தமிழ் என்று வருடக்கணக்காக எழுதினாள். ஜீவன் ஒரு நாளும் விளையாடியதில்லை. சோபாவில் படுத்துக்கொண்டு பார்ப்பான். தபால்காரனின் மூத்த மகன் ஏன் அப்பாவோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் அவனுக்குத் தெரியும்.

ஒருமுறை யாரோ ஒருவன் செத்தவர்களைத் திரும்பக் கொண்டுவரும் குறுக்குவழி ஒன்றைச் செய்து குழுவில் போட்டுவிட்டான். அன்றைக்கு பிரவீனா கைப்பேசியோடு வீடு முழுக்க நடந்தாள். தோமஸோடுதான் சண்டை, அவன் அதைத் தடுக்கவில்லை என்று. "செத்தவங்க செத்தவங்கதான். அதுகூட இல்லன்னா இந்த ஊருக்கு என்ன மரியாத?" என்று கத்தினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஜீவன்தான் போய் அணைத்தான்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டிங்கி, கொசுக் கடியால் வருவது. ஒரு வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜீவன் தோமஸைக் கூப்பிட்டான். தோமஸ் முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஜீவன், பாத்தீங்களா? நானே கூப்புடணும்னு இருந்தேன். திதிக்கு முன்னாடி வெளியாக்கணும்னுதான் எல்லாரும் ராப்பகலா—"

"எடுங்க."

"என்னது?"

"அவள அங்கேர்ந்து எடுங்க."

"குடும்பத்துல கேட்டுட்டுத்தான் செஞ்சோம், ஜீவன்."

"குடும்பம் நான்."

"அவங்க அம்மாகிட்ட கேட்டோம். போட்டோவே அவங்கதான் குடுத்தாங்க."

ஜீவன் கைப்பேசியை வைத்துவிட்டு கார் சாவியை எடுத்தான். உடையை மாற்றவில்லை. சாப்பிடவுமில்லை.

காஹாங்கில் மாமியார் வீட்டு வாசலில் கார் நின்றபோது செல்வராணி மீன் அலசிக்கொண்டிருந்தார். செம்பனை எண்ணெய் ஆலையின் கேண்டீனில் சமைப்பவர். சனிக்கிழமைகளில் தனக்கு மட்டும் சமைப்பார்.

"என்ன தம்பி, சொல்லாம கொள்ளாம? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"தோமஸுக்குப் போட்டோ குடுத்தீங்களா?"

"ஆமா, குடுத்தேன். நல்ல பையன். அம்மா அம்மான்னு கூப்ட்டுப் பேசுனான்."

"எதுக்குன்னு கேட்டீங்களா?"

"கேக்காமயா? பேப்பர்ல போடுவாங்கல்ல, முதலாம் ஆண்டு நினைவஞ்சலின்னு. படம் போட்டு, கீழ நம்ம பேரெல்லாம் போட்டு. அதுமாதிரி கம்ப்யூட்டர்ல போடுறாங்கன்னு நெனச்சேன். பேப்பரவிட நெறயா பேரு பாப்பாங்கன்னான். நல்லதுதானேன்னு குடுத்துட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டார். "ஏன், எம் பேரு வரலியா? ஒம் பேருக்கு மேல போட்டுட்டாங்களா?"

"பேரே வரல அத்த. அவ வர்றா. அவ கொரல்ல பேசுறா. வர்றவன் போறவன்கிட்டல்லாம் பேசுறா."

செல்வராணி மீன் பாத்திரத்தை மூடினார். அதைக் குளிர்பெட்டியில் வைத்தார். மாற்றுச் செருப்பைத் தேடினார்.

"எங்க கெளம்புறீங்க?"

"நீ எங்க போறியோ அங்க."

"நான் சண்ட போடப் போறேன்."

"போடு. எம் மக பேசுறாங்குற. நான் இங்க ஒக்காந்து மீனு தின்னுக்கிட்டு இருக்கவா?"

மெர்சிங் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை. குலை ஏற்றிய லாரிகள் முன்னால் ஊர்ந்தன. ஜீவன் ஒவ்வொன்றாக முந்தினான்.

"லாரிய முந்தாத தம்பி."

அவன் ஹார்னை அடித்தான்.

"எங்கிட்ட கோவம்னா எங்கிட்ட காட்டு. லாரிகிட்ட காட்டாத."

"உங்ககிட்ட எனக்குக் கோவம் இல்ல."

"பொய் சொல்லாத. நான் போட்டோ குடுத்தது தப்பு. நீ ஃபோன் எடுத்துக் கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்பேன். நீதான் ஃபோனே எடுக்குறதில்லையே."

அது உண்மை. உண்மை என்பதால் கோபம் இன்னும் ஏறியது. அடுத்த லாரியையும் முந்தினான். செல்வராணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

தோமஸின் கடை மெர்சிங் படகுத்துறைக்குப் போகும் தெருவில் இருந்தது. தீவுக்குப் போகிறவர்கள் முதுகுப் பைகளோடு வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கைப்பேசி பழுது பார்க்கும் கடைதான். பின்பக்கம் மட்டும் வேறு உலகம். பெட்டி பெட்டியாகப் பழைய தொலைக்காட்சிகள், வயர்கள், மஞ்சளாகிப்போன விளையாட்டுக் கருவிகள். சுவரில் போர்ட் எலேனாவின் திறக்காத கதவு ஆளுயரப் படமாகத் தொங்கியது.

தோமஸுக்கு நாற்பது வயதிருக்கும். பருத்த உடம்பு, கழுத்தில் சின்னச் சிலுவை. செல்வராணியைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்தான்.

"வாங்கம்மா. ஜீவன், ஒக்காருங்க. குடிக்கத் தே தாரேக் சொல்லவா?"

"அந்தக் கொரல் எங்க கெடச்சிது?" ஜீவன் உட்காரவில்லை.

"குரூப்ல வந்தது. நாலஞ்சு வருஷம் இருக்கும். பிரவீனா தங்கச்சி உங்களுக்கு அனுப்புறேன்னு தவறி குரூப்ல போட்டுட்டாங்க. ஒடனே அழிச்சிட்டாங்க. அதுக்குள்ள ஒருத்தரு சேவ் பண்ணிட்டாரு. ரொம்ப நாளு அதச் சொல்லித்தான் கிண்டல் பண்ணுவோம். யாராச்சும் லேட்டா வந்தா, கதவப் பூட்டிக்கிட்டுப் படுங்கன்னு." தோமஸ் சிரிக்கப் பார்த்து நிறுத்தினான். "அவங்களும் சிரிப்பாங்க, ஜீவன்."

ஜீவனுக்கு அந்த நாள் நினைவிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே சிரித்தாள். ஊருக்கெல்லாம் உங்களச் சாப்டீங்களான்னு கேட்டுட்டேன் என்றாள். அவன் அந்தச் செய்தியைக் கேட்டதே இல்லை.

"அது எனக்கான கேள்வி," என்றான். "எங்கிட்ட கேட்டது. நீங்க வெட்டி எடுத்து ஊருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க."

"கெட்ட நெனப்புல செய்யல."

"நல்ல நெனப்புல செஞ்சா திருட்டு இல்லையா?"

தோமஸின் முகம் சிவந்தது. "நானும் பத்து வருஷம் அவங்ககூட வேல செஞ்சவன். எனக்கு ஒண்ணுமே இல்லன்னு நெனைக்கிறீங்களா?"

"உங்களுக்கு என்ன வேணும்னாலும் இருக்கட்டும். என் பொண்டாட்டி உங்க கடைக்கு வாசப்பொம்ம இல்ல."

செல்வராணி திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டிருந்தார். "ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க. தோமஸு, எம் மகளக் காட்டு."

தோமஸ் ஜீவனைப் பார்த்தான். ஜீவன் சுவரைப் பார்த்தான். கருவி ஓடத் தொடங்கியது. படகு வந்தது. பெட்டி இறங்கியது. ஆரஞ்சுப் புடவை திரும்பியது.

"சாப்டீங்களா?"

"இல்லம்மா," என்றார் செல்வராணி. "மீனு அலசிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள இவன் வந்துட்டான்."

"எனக்கு லேட்டாவும். கதவப் பூட்டிக்கிட்டுப் படுங்க. சாவி ஏங்கிட்ட இருக்கு."

செல்வராணி தலையாட்டினார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஜீவனுக்கு எதையாவது உடைக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் உடைவதற்கென்றே அடுக்கி வைத்ததுபோல் தொலைக்காட்சிகள் இருந்தன. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"இன்னொரு தடவ," என்றார் செல்வராணி.

தோமஸ் பொத்தானை அமுக்கினான். சாப்டீங்களா. எனக்கு லேட்டாவும்.

"இன்னொரு தடவ."

சாப்டீங்களா.

செல்வராணி முந்தானையை எடுத்தார். "வேற என்ன பேசுவா?"

"அவ்ளோதாம்மா. அது ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கு."

"நான் சாப்டலன்னு சொன்னா?"

"அதேதாம்மா."

"நான் அழுதா?"

தோமஸ் பொத்தானிலிருந்து கையை எடுத்தான்.

"எம் மக ஒரு கேள்விய ரெண்டாவது தடவ கேக்க மாட்டா," என்றார் செல்வராணி. குரல் உயரவில்லை. ஆனால் கடையின் முன்பக்கம் கைப்பேசி உறை பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "மொத தடவ பதில் சொல்லலன்னா தட்ட எடுத்து முன்னாடி வச்சிருவா. இது யாரு? எம் மக மூஞ்சிய மாட்டிக்கிட்டு நிக்கிற இது யாரு?"

தோமஸ் நெற்றியைத் தேய்த்தான். ஜீவன் அவனருகே போனான்.

"ரேமண்ட் சொன்னான். அவ சாவ மாட்டாளாம், உண்மையா?"

"லாக் பண்ணி வச்சிருக்கேன்."

"ஏன்?"

"மொதல்ல எல்லா ஆளுங்க மாதிரிதான் வச்சோம். டெஸ்ட் பண்றப்ப மழ வந்தா மொத ஆளா இவங்கதான் விழுறாங்க. படகுத்துறையில நிக்கிறவங்கதானே அதிகமா நனையுறாங்க. ஒரு தடவ, ரெண்டு தடவ, மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் வீட்டுல வெளக்கு அணையுது." தோமஸ் நிறுத்தினான். "என்னால முடியல, ஜீவன். தங்கச்சிக்குக் காய்ச்சல்னு அங்கயும் நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? அதான் லாக் பண்ணிட்டேன்."

"உங்களோட அவ எதுக்குச் சண்ட போட்டா, ஞாபகம் இருக்கா?"

தோமஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"செத்தவங்க செத்தவங்கதான்னா. அதுக்காக ஒரு வாரம் உங்ககிட்ட பேசல. இந்த ஊருல அவளுக்குப் புடிச்சதே அது ஒண்ணுதான். அத ஒடச்சி, அந்த ஓட்டைக்குள்ள அவளையே நிக்க வச்சிருக்கீங்க. எங்க பிளாண்ட்ல ஒரு அலாரத்த இப்படி லாக் பண்ணிட்டு யாருகிட்டயும் சொல்லாம இருந்தா, வேலய விட்டுத் தூக்கிருவாங்க. ஏன்னா அலாரம் அடிக்காதே தவிர, நெருப்பு புடிக்கத்தான் செய்யும்."

"அப்ப எடுத்துரவா? மொத்தமா?"

ஜீவன் வாயைத் திறந்தான். காலையிலிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருந்தான். எடுங்க. சொன்னால் முடிந்தது. திரையில் அவள் கயிறு கட்டும் கட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். காற்றுக்குப் புடவை அசைந்தது. யாரோ உட்கார்ந்து அந்த அசைவைச் செய்திருக்கிறார்கள்.

"கொரல எடுங்க," என்றான். "போட்டோவுக்கு அத்தகிட்ட கேட்டீங்க, சரி. கொரலுக்கு யாருகிட்டயும் கேக்கல. அது எங்கூட வரும். லாக்க எடுங்க. எல்லாரும் எப்படியோ அப்படி இருக்கட்டும். நனஞ்சா நனையட்டும். காய்ச்சல் வந்தா வரட்டும்."

"செத்தா?"

"செத்தா சாகட்டும். நான் ஒரு தடவ அனுப்பி வச்சிட்டேன். நீங்க ஏன் புடிச்சி வச்சிருக்கீங்க?"

தோமஸ் செல்வராணியைப் பார்த்தான். அவர் நாற்காலியை இன்னும் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி சொல்ற மாதிரி செய்யி," என்றார்.

தோமஸ் கணினியில் எதையோ திறந்தான், எதையோ அழித்தான். விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. குரலுக்குப் பதில் எழுத்தில் என்ன போடட்டும் என்று கேட்டான். படகுத்துறை ஆட்களுக்கு பிரவீனா எழுதிவைத்த வரிகள் இருந்தன. அவற்றில் ஒன்றை எடுத்தான். 'அடுத்த படகு நாளைக்குத்தான்.'

"மழைக்காலத்த ஓட்டிப் பாக்கணும்," என்றான் தயங்கியபடி. "லாக்க எடுத்தா மத்தது எதுவும் கொழம்புதான்னு பாக்காம புது வெர்ஷன வெளியிட முடியாது. வேகமா ஓட்டுறேன். நீங்க வேணும்னா வெளிய நில்லுங்க."

"ஓட்டுங்க," என்றான் ஜீவன்.

திரையில் வானம் கறுத்தது. மழை வந்தது. பகலும் இரவும் விரைவாக மாறி மாறி வந்தன. குடைகள் விரிந்தன, மடங்கின. வெளியே மெர்சிங்கில் வெயில் கொளுத்தியது. தீவுப் படகுக்கு ஆள் சேர்க்கிறவன் தெருவில் கூவிக்கொண்டிருந்தான். போர்ட் எலேனாவில் டாக்டர் சைக்கிளில் ஏறினார். அந்த ஊரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று எங்கேயும் எழுதிக் காட்ட மாட்டார்கள். யார் வீட்டு வாசலில் சைக்கிள் நிற்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

சைக்கிள் ரொட்டிக் கடையைத் தாண்டியது. தபால்காரன் வீட்டில் நின்றது. பிறகு படகுத்துறைத் தெருவுக்குத் திரும்பியது.

"அவ வீடு எது?" என்றார் செல்வராணி.

"மஞ்சக் கதவும்மா."

சைக்கிள் மஞ்சள் கதவின் முன்னால் நின்றது. டாக்டர் உள்ளே போனார். படகுத்துறையில் கயிறு கட்டும் கட்டை மட்டும் இருந்தது. மறுநாளும் சைக்கிள் அங்கே நின்றது. அதற்கு மறுநாளும்.

ஜீவன் திரைக்கு நெருங்கி நின்றான். இதைத்தான் கேட்டான். கேட்டது கிடைக்கப் போகிறது. அந்த விளக்கு அணையட்டும், தோமஸும் பார்க்கட்டும், இந்த நாசமாய்ப் போன ஊரும் ஒரு நாள் கடையடைத்துவிட்டு ஊர்வலம் போகட்டும்.

திரையில் விடிந்தது. மழை விட்டிருந்தது. மஞ்சள் கதவு திறந்தது. ஆரஞ்சுப் புடவையில் அவள் வெளியே வந்தாள். தெருவில் இறங்கி, படகுத்துறைக்கு நடந்து, கட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அந்த இரவு தபால்காரன் வீட்டில் விளக்கு எரியவில்லை.

"பொழச்சிட்டா," என்றார் செல்வராணி.

ஜீவன் வெளியே வந்தான். தெருவைக் கடந்து, படகுத்துறைக் கம்பிவேலி வரைக்கும் போய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வேலி சுட்டது. விடவில்லை. இங்கே பிரவீனாவுக்குச் சலைன், இரத்தம், ஐ.சி.யூ., கதவுக்கு வெளியே இரவெல்லாம் நின்ற இவன். எல்லாம் இருந்தது. அங்கே ஒரு கிழட்டு டாக்டர், ஒரு சைக்கிள். அங்கே பிழைத்துக்கொண்டாள். சண்டை போடுவதற்குக்கூட அந்த ஊரில் ஆள் இல்லை. அதைச் செய்தவர்கள் எப்போதோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். கம்பியைப் பிடித்து உலுக்கினான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் பைகளை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள்.

தோமஸ் பின்னால் வந்து நின்றான். சற்றுத் தூரத்திலேயே நின்றான்.

"லாக் போடல, ஜீவன். மாதா சத்தியமா. தானா பொழச்சதுதான். மறுபடி ஓட்டுனா வேற மாதிரி வரலாம். ஓட்டவா?"

"வேணாம்."

"அப்ப?"

"அப்படியே வெளியாக்குங்க. அவனவன் ஆட்டத்துல என்ன நடக்குதோ நடக்கட்டும்." வேலியை விட்டான். உள்ளங்கையில் கம்பியின் தடம் இருந்தது. "ஆனா திரும்பவும் லாக் போட்டீங்கன்னு தெரிஞ்சா, நான் இங்க பேசறதுக்கு வர மாட்டேன்."

"போட மாட்டேன்." தோமஸ் கைப்பேசியை எடுத்தான். "அந்தக் கொரல உங்களுக்கு அனுப்பிட்டேன். வெட்டாதது. மொதல்ல உங்க பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. அத நாங்க எடுத்துட்டோம்ல, அதுவும் இருக்கு. எங்கிட்ட இருந்தத அழிச்சிட்டேன். அத சேவ் பண்ணவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஜீவன் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. தோமஸும் எதிர்பார்க்கவில்லை.

காரில் திரும்பினார்கள். கைப்பேசி பையில் கனத்தது. ஜீவன் அதைத் தொடவில்லை. இந்த முறை லாரிகளை முந்தவும் இல்லை. ஒன்றின் பின்னாலேயே, அதிலிருந்து உதிரும் செம்பனைப் பழங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

"பசிக்குது," என்றார் செல்வராணி. "எங்கயாச்சும் நிறுத்து. நீயும் காலையிலேர்ந்து ஒண்ணும் தின்னல, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத."

"காஹாங் போறதுக்குள்ள ஒரு கட இருக்கு."

"ம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனது. "பாவம் அந்தத் தபால்காரன். புள்ளகுட்டி இருக்கா?"

"ரெண்டு பேரு. மூத்தவன் அவன்கூடப் பேசுறதில்ல."

"பேசாமயே போயிட்டானா?"

"ஆமா."

"இனிமே அந்த ஊருல யாரு கடுதாசி குடுப்பா?"

"யாரும் குடுக்க மாட்டாங்க அத்த."

"வேற ஆளப் போட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"என்ன ஊருய்யா அது," என்றார் செல்வராணி கோபமாக.

ஜீவன் லாரிக்குப் பின்னால் வேகத்தைக் குறைத்தான். "அந்த மாதிரி ஊருதான்," என்றான்.